மேடை டிரைவரில் வீட்டுக்கு ஒரு 18 இன்ச் சப்வூஃபர்

மேடை சப்வூஃபருக்கான (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர் பாக்ஸ்) 18 இன்ச் டிரைவர், அதாவது பாக்ஸ் இல்லாத ஸ்பீக்கர், ஒரு வாட்டிலேயே 95 டெசிபெலைத் தாண்டும். ஆனால் பெரும்பாலானவற்றில் கோன் (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) ஒரு பக்கத்துக்கு 8–10 மி.மீ. தான் நகரும். பழக்கம் 40 ஹெர்ட்ஸுக்கு மேலே. படங்களுக்கோ 25 ஹெர்ட்ஸ் வேண்டும். அந்தக் குறையை போர்ட்தான், அதாவது பாக்ஸுக்குள் காற்று போய்வரும் குழாய்தான், ஈடுகட்டுகிறது.

டிரைவர்: 8 ஓம், எஃப்எஸ் (கோனின் இயல்பு அதிர்வெண்) 35 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதைக் காட்டும் எண்) 0.35 அளவில். வாங்குமுன் அதன் எண்களை பாக்ஸ் வடிவமைக்கும் இலவச வின்ஐஎஸ்டி மென்பொருளில் போட்டு, 200 லிட்டர், 25 ஹெர்ட்ஸ் டியூனிங்கில் (பாக்ஸும் போர்ட்டும் சேர்ந்து அதிரும் அதிர்வெண்) பாருங்கள்.

பாக்ஸ்: உள்ளளவு 55 செ.மீ. அகலம், 50 ஆழம், 89 உயரம். மொத்தம் 245 லிட்டர். பைப், டிரைவர், சட்டங்கள் சுமார் 45 லிட்டரை விழுங்கும், மிஞ்சுவது 200. 18 மி.மீ. பிளைவுட் 8×4 ஷீட் ஒன்று போதும். வெட்டியது போக மிஞ்சும் துண்டில் குறுக்குச் சட்டங்களும் வந்துவிடும். மூட்டுகளுக்குப் பசையும் ஸ்க்ரூவும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் உஸ்ஸென்று காற்று இரையும்.

போர்ட்: 160 மி.மீ. பிவிசி பைப் இரண்டு, மேல்பலகையில் பின்பக்கமாக. பலகைத் தடிப்பையும் சேர்த்து நீளம் 74 செ.மீ. முதலில் 77 செ.மீ. வெட்டுங்கள், குறைக்கலாம், கூட்ட முடியாது. தொங்கும் பைப்பைச் சட்டத்தோடு கட்டாவிட்டால் கடகடக்கும். ஒரே பைப் போட்டால் 31 செ.மீ. போதும்தான், ஆனால் சத்தம் கூட்டினால் காற்று புஸ்புஸ்ஸென்று கேட்கும்.

டிரைவரை முன்பலகையில் டி-நட்டில் (பலகையின் உள்பக்கம் பதிக்கும் நட்டு) போல்ட் போட்டு முடுக்குங்கள். மர ஸ்க்ரூ நாளடைவில் தளரும்.

டியூனிங் சோதனை: குறைந்த ஒலியில் 20 முதல் 35 ஹெர்ட்ஸ் வரை சைன் டோன் (ஒரே அதிர்வெண் கொண்ட சோதனை ஒலி) ஓட்டுங்கள். கோன் எங்கே ஏறக்குறைய நின்றுபோகிறதோ, அதுதான் டியூனிங். 25க்குக் கீழே இருந்தால் பைப்பை ஒரு செ.மீ. வீதம் நறுக்குங்கள்.

பலர் டிரைவரைக் கொல்வது இங்கேதான்: டியூனிங்குக்குக் கீழே பாக்ஸின் காற்று கோனைப் பிடித்து நிறுத்தாது. குறைந்த வாட்டிலேயே கோன் எல்லை தாண்டி அடிக்கும். ஆகவே டிஎஸ்பியில் (ஒலியைத் திருத்தும் டிஜிட்டல் கருவி) 22 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ், அதாவது அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் ஃபில்டர், ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபெல், கட்டாயம். ஆம்பிளிஃபயரிலேயே 30 ஹெர்ட்ஸ் லோ-கட் சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையேல் பாக்ஸுக்குப் பட்ட பாடு வீண். ரிசீவரில் கிராஸ்ஓவர் (சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரிக்கும் இடம்) 80 ஹெர்ட்ஸ்.