ஐரோப்பாவில் ஃபண்டு விற்பவர்கள் வழுக்கும் இடங்கள்

லக்சம்பர்க்கில் பதிவான ஃபண்டை ஜெர்மனியிலும் இத்தாலியிலும் விற்க வேண்டும். 'பாஸ்போர்ட்தான் (ஒரு நாட்டில் பெற்ற அனுமதியைக் கொண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும் விற்கும் உரிமை) இருக்கிறதே, அப்புறம் என்ன?' என்று தொடங்குபவர்கள்தான் அதிகம். அந்தப் பாஸ்போர்ட் லண்டனிலும் சூரிக்கிலும் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயும் அது எல்லாவற்றுக்கும் போதாது.

முதல் வழுக்கல், விற்பனைக்கு முந்தைய பேச்சில். யூசிட்ஸ் (பொதுமக்களுக்கும் விற்கக்கூடிய, ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்ட ஃபண்டு) அல்லாத மாற்று முதலீட்டு ஃபண்டுகளுக்கு 2021 ஆகஸ்ட் 2 முதல் இதற்கென்றே விதி இருக்கிறது. தொழில்முறை முதலீட்டாளர்களிடம் நாடி பிடித்துப் பார்க்கலாம். ஆனால் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் உங்கள் நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும். விற்பனைக் குழுவிலிருந்து போகும் ஒரு மின்னஞ்சலைப் பாருங்கள். முதல் இணைப்பு ஸ்லைடுகள், சரி. இரண்டாவது வரைவு பிராஸ்பெக்டஸ் (ஃபண்டின் விவர ஆவணம்): 'இது விற்பனை அழைப்பு அல்ல, விவரங்கள் முழுமையானவை அல்ல, மாறலாம்' என்று எழுதியிருந்தால் அதுவும் சரி. மூன்றாவதாக, 'எதற்கும் இருக்கட்டும்' என்று சேர்த்த விண்ணப்பப் படிவம். அதோடு முந்தைய பேச்சு என்ற பாதுகாப்பு போய்விட்டது.

இதைவிட அதிகம் மறக்கப்படுவது 18 மாதக் கணக்கு. பேச்சு தொடங்கி 18 மாதத்துக்குள் ஒரு தொழில்முறை முதலீட்டாளர் அந்த ஃபண்டில் பணம் போட்டால், அது விற்பனையின் விளைவு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'அவராகத்தான் தேடி வந்தார்' என்ற பழைய சாக்கு எடுபடாது. ஒரு நாட்டில் விற்பனையை நிறுத்திக்கொண்டாலும், அதே ஃபண்டைப் பற்றியோ அதைப் போன்ற உத்தியுள்ள இன்னொன்றைப் பற்றியோ அங்கே 36 மாதம் வாய் திறக்க முடியாது. சின்னச் சந்தை என்று அவசரப்பட்டு வெளியேறுபவர்கள் இதைப் பிறகுதான் கவனிக்கிறார்கள்.

அடுத்தது பசுமைப் பேச்சு. எஸ்.எஃப்.டி.ஆர். என்ற, சுற்றுச்சூழல், சமூக விவரங்களை ஃபண்டுகள் வெளியிடுவதற்கான ஐரோப்பிய விதி 2021 மார்ச் 10 முதல் நடப்பில் உள்ளது. அதன் 8-ஆம் பிரிவையும் (சுற்றுச்சூழல், சமூகப் பண்புகளை முன்வைக்கும் ஃபண்டுகளுக்கு) 9-ஆம் பிரிவையும் (சஸ்டெய்னபிள், அதாவது நிலைத்த வளர்ச்சிக்கான முதலீட்டையே நோக்கமாகக் கொண்டவற்றுக்கு) தர முத்திரை போல விளம்பரத்தில் ஒட்டுவதுதான் என் கணக்கில் எல்லாத் தவறுக்கும் தாய். அவை எதை வெளியிட வேண்டும் என்று சொல்கின்றன, அவ்வளவுதான். 9 என்று பெருமையாகப் போட்டுக்கொண்ட பல ஃபண்டுகள் 2022-இன் கடைசியில் 8-க்கு இறங்கியதை இந்தத் துறை மறந்திருக்காது.

இந்த விதியின் கீழ் 2023 ஜனவரி முதல் கட்டாயமான வெளிப்படுத்தல் படிவத்தில் மேலேயே ஒரு கேள்வி: சஸ்டெய்னபிள் முதலீடுதான் நோக்கமா, ஆம்/இல்லை. 'இல்லை' பக்கத்தில், நோக்கமாக இல்லாவிட்டாலும் குறைந்தபட்சம் இத்தனை சதவீதம் சஸ்டெய்னபிள் முதலீடு வைத்திருப்போம் என்று நிரப்ப ஒரு கட்டம். அங்கே அழகுக்காக 40 என்று எழுதுகிறார்கள். 'குறைந்தபட்சம்' என்பது வாக்குறுதி. ஆண்டறிக்கையில் 31 என்று வந்தால் என்ன பதில்? உறுதியாக முடிந்ததை மட்டும் எழுதுங்கள். விளம்பரம் இந்தப் படிவத்தோடு முரண்படக் கூடாது என்பதும் சட்டம்தான்.

ஃபண்டின் பெயரிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய நிதிச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மாவின் வழிகாட்டுதல்கள் புதிய ஃபண்டுகளுக்கு 2024 நவம்பர் 21 முதலும், பழையவற்றுக்கு 2025 மே 21 முதலும் பொருந்துகின்றன. பெயரில் 'கிரீன்' என்று வந்தால் 80 சதவீத முதலீடு அந்தப் பண்புக்கோ நோக்கத்துக்கோ போக வேண்டும். நிலக்கரியிலிருந்து 1 சதவீதமோ எண்ணெயிலிருந்து 10 சதவீதமோ அதற்கு மேலோ வருமானம் பெறும் நிறுவனங்கள் ஃபண்டின் முதலீட்டில் இருக்கக் கூடாது. 'டிரான்சிஷன்' (பசுமைக்கு மாறும் பாதை) என்ற சொல்லுக்கு, ஒதுக்க வேண்டிய நிறுவனங்களின் பட்டியல் இதைவிட இலகுவானது. பெயரை மாற்றினாலும் பிராஸ்பெக்டஸில் மட்டும் மாற்றிவிட்டு, இணையதளத்திலும் மாதாந்தரத் தகவல் தாளிலும் பழைய பெயரையே விட்டுவைப்பது சகஜம்.

கடைசியாக, அவசரம். 2025 நவம்பர் 20 அன்று ஐரோப்பிய ஆணையம் 8, 9 பிரிவுகளுக்குப் பதிலாக மூன்று வகைகளை முன்மொழிந்தது: சஸ்டெய்னபிள், டிரான்சிஷன், ஈ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) பேசிக்ஸ். மூன்றிலும் முதலீட்டில் குறைந்தது 70 சதவீதம் அந்த வகையின் நோக்கத்தோடு பொருந்த வேண்டும். முன்மொழிவு சட்டமாக நாடாளுமன்றமும் கவுன்சிலும் ஒப்ப வேண்டும். அதற்குள் புதிய வகையின் பெயரை ஸ்லைடில் போடுவதும், 'எப்படியும் மாறப்போகிறதே' என்று பழைய படிவங்களைக் கிடப்பில் போடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். பாதகத் தாக்க அறிக்கையை (முதலீடுகள் சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் செய்யும் கேடுகளைச் சொல்வது) நிறுவன அளவில் வெளியிடும் கடமையை நீக்கவும் அதே முன்மொழிவு கேட்கிறது. அது சட்டமாகி நடப்புக்கு வரும்வரை, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஜூன் 30 கெடு அப்படியேதான் இருக்கும்.