பல வருடம் கழித்து மீண்டும் பாராசூட்டில் குதிக்க வருகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன ஞாயிறு காலை திடலுக்கு ஒரு தம்பி வந்தார். தோளில் பழைய ரிக் (பாராசூட்டை மடித்து வைக்கும் முதுகுப் பை), அதன் மடிப்பில் பூஞ்சைக் கறை, முகத்தில் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி பூரிப்பு. சிங்கப்பூரில் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று பதினொரு வருடம் ஓடிவிட்டதாம், இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. "நானூறு குதிச்சிருக்கேன்கா, மறந்துருமா என்ன?" என்றார். நான் ரிக்கைத் திறந்து மெயின் பாராசூட்டின் அளவைப் பார்த்தேன். 150 சதுர அடி. ஆளைப் பார்த்தேன், 90 கிலோவுக்குக் குறையாது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நான் மலேசியாவின் ஜொகூரில், சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். 31 வயதில் குதிப்பதை நிறுத்தினேன், 43 வயதில் திரும்பி வந்தேன். வந்த மூன்றாவது குதியில் காலை உடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு திரும்பி வருபவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், எல்லாரும் நான் செய்ததையே செய்யப் பார்க்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹெல்மெட் வாரைப் பூட்டுங்கள், உயரமானியைப் பூஜ்யத்தில் வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

லாக் புக்கை நீட்டுவது

லாக் புக்கில் பதிந்திருக்கும் நானூறு குதி என்பது அன்றைய கணக்கு. அமெரிக்க பாராசூட் சங்கம் வைத்திருக்கும் அளவுகோலைப் பாருங்கள்: ஏ லைசன்ஸ்காரர் (ஏ தொடக்க நிலை, டி உச்ச நிலை) 60 நாள் குதிக்காமல் இருந்தாலே பயிற்சியாளரிடம் மறுபடி வர வேண்டும், பி என்றால் 90 நாள், சி, டி என்றால் 180 நாள். எல்லாமே நாள் கணக்கு, வருடக் கணக்கு இல்லை. நல்ல பயிற்சியாளர் உங்களைக் கிட்டத்தட்ட முதல் நாள் மாணவராகவே நடத்துவார், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்துக் காட்டுக்குப் போகும்போது, தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டல் அவருக்கு அழிக்கப்போகும் பழைய மரங்கள் இருக்கும் நிரையாகப் பார்த்துத்தான் கொடுப்பாராம். கைப்பழக்கம் விட்டுப்போயிருந்தால் கத்தி ஆழமாக இறங்கி மரம் காயப்பட்டுவிடும் என்பதால். இத்தனைக்கும் அம்மா அந்தத் தோட்டத்தில் பேர்போன வெட்டுக்காரி.

பழைய பாராசூட்டிலேயே ஏறுவது

எனக்கு இன்றும் ஆறாத தவறு இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நிறுத்தும்போது என் எடை 56 கிலோ. ரிக், உடை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 12 கிலோ. ஆக 68 கிலோ, அதாவது 150 பவுண்டு. என் பாராசூட் 135 சதுர அடி. பவுண்டைச் சதுர அடியால் வகுத்தால் 1.1 வரும், இதைத்தான் விங் லோடிங் என்கிறோம். வாரா வாரம் குதித்துக்கொண்டிருந்த அன்றைய எனக்கு அது சரியாகத்தான் இருந்தது. இரண்டு பிள்ளை பெற்று, பன்னிரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது எடை 71 கிலோ. மொத்தம் 83 கிலோ, 183 பவுண்டு. அதே 135-ஆல் வகுத்தால் 1.36. எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான், ஆனால் பறக்கும் வேகமும் இறங்கும் வேகமும் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும், ஒரு திருப்பத்தில் இழக்கும் உயரமும் கூடும், நம் ஊர் நண்பகல் சூட்டில் காற்று லேசாகிவிடுவதால் அதற்கு மேலும் கொஞ்சம் கூடும்.

அன்று காலை திடலில் இருந்த மூத்த அண்ணன் ஒருவர் 190 ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுல ஒரு இருபது குதி போட்டுட்டு அப்புறமா உன்னோடத எடும்மா" என்றார். நான் வேண்டாம் என்றேன். காரணம் வெறும் வெட்கம். மாணவர்களுக்குக் கொடுக்கும் பெரிய பாராசூட்டில் நான் தொங்கி வருவதைப் பழைய ஆட்கள் பார்ப்பார்களே என்ற வெட்கம். அவர் மறுபடியும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்றும் நினைப்பேன், ஆனால் தவறு என்னுடையதுதான்.

முதல் இரண்டு குதியும் நன்றாகவே போயின. ஏமாற்றும் இடமே அதுதான். 10,000 அடியில் கதவைத் தாண்டியதும் உடம்பு தானாகவே வளைந்து காற்றின் மேல் படுத்துக்கொண்டது. மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் 4,000 அடி வரை நாற்பது வினாடிக்குக் கொஞ்சம் குறைவு, அந்த நேரம் முழுக்க நான் விட்டுப்போனவள் என்ற எண்ணமே வரவில்லை. ஃப்ரீஃபால், அதாவது பாராசூட் திறக்கும் முன் விழுவது, ஒன்றிரண்டு குதியிலேயே திரும்பி வந்துவிடும். அது வந்ததும் மற்றதெல்லாமும் வந்துவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த நொடியில் ஃப்ளேர் செய்ய வேண்டும் (இரண்டு கைப்பிடியையும் இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும்) என்று கண் போடும் கணக்கு அப்படித் திரும்புவதில்லை. அது வரவில்லை என்பதும் கடைசி ஐந்து வினாடி வரை உங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது குதி, மதியம் இரண்டு மணி. காற்று திசை மாறிவிட்டது, நான் நினைத்ததைவிடத் தாழ்வாக வந்துவிட்டேன். திடலின் ஓரத்தில் பெரிய கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். நூறு அடி உயரத்தில் அந்தக் கால்வாய் நேராக என் காலுக்குக் கீழே வருவது தெரிந்தது. கரையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி கவிழ்ந்து கிடந்ததுகூட இப்போதும் கண்ணில் நிற்கிறது. வலது டாகிளை, அதாவது பாராசூட்டைத் திருப்பும் கைப்பிடியை, இடுப்பு வரை இழுத்தேன். பழைய எடையில் அந்தப் பாராசூட் அந்த இழுப்புக்குச் சாதுவாகத் திரும்பியிருக்கும். அன்று அது மூக்கைக் குத்திக்கொண்டு பாய்ந்தது. அடிவானம் சாய்ந்தது, புல் பக்கவாட்டில் எழும்பி வந்தது, அவ்வளவுதான். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். ஏழு மாதம் ஊன்றுகோலும் பயிற்சியும். சின்னவளுக்கு அப்போது ஆறு வயது, பள்ளிக்கூட வேனில் ஏறும்போது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவாள்.

என்ன செய்திருக்க வேண்டும்? திரும்பியே தீர வேண்டுமானால் இரண்டு டாகிளையும் பாதி வரை இழுத்துப் பிடித்து, பிறகு ஒரு பக்கத்தை மட்டும் கொஞ்சம் மேலே விட வேண்டும். பாராசூட் சாயாமல், உயரத்தை அதிகம் இழக்காமல், மெதுவாகத் திரும்பும். அதற்கும் உயரம் இல்லையென்றால் திரும்பவே கூடாது. காற்றோடு போய் வேகமாக இறங்கினாலும் பரவாயில்லை, கால்வாய்த் தண்ணீரில் விழுந்தாலும் பரவாயில்லை, இறக்கை மட்டமாக இருக்கட்டும், முழு ஃப்ளேர் கொடுங்கள், காலையும் முழங்காலையும் ஒட்ட வைத்து உருளுங்கள். இந்த விளையாட்டில் உயிரை விட்டவர்களில் நிறையப் பேருக்குப் பாராசூட் நன்றாகவே திறந்திருந்தது, தரைக்கு அருகில் செய்த தவறுதான் அவர்களைக் கொண்டுபோனது.

ஆகவே திரும்பி வருபவர்கள் முதலில் தராசில் ஏறுங்கள். ரிக்கோடு ஏறுங்கள், வகுத்துப் பாருங்கள், 1.0-க்குப் பக்கத்தில் வரும் அளவைக் கேட்டு வாங்குங்கள். இருபது முப்பது குதி அதிலேயே இருங்கள். ஒவ்வொரு குதியிலும் 2,000 அடிக்கு மேலேயே அந்த மெதுவான திருப்பத்தையும் ஃப்ளேரையும் செய்து பாருங்கள், கைக்குப் பழக வேண்டும். யாராவது சிரித்தால் என்னிடம் அனுப்புங்கள், என் காலில் இருக்கும் தழும்பைக் காட்டுகிறேன்.

ஸ்டோரில் கிடந்த ரிக்கை அப்படியே மாட்டுவது

தோட்டப்புறத்து வீடுகளில் எல்லாச் சாமானும் பின்கட்டு ஸ்டோருக்குத்தான் போகும். அங்கே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ரப்பர் பால் உறைய வைக்கிற பார்மிக் அசிட் கேன் ஒன்று இருந்தால், அதே அறையில் கிடந்த பாராசூட்டை ரிக்கர் (பாராசூட்டைப் பரிசோதித்துப் பழுது பார்ப்பவர்) பார்க்காமல் தொடவே வேண்டாம். பார்மிக் அசிட்டில் நைலான் கரைந்தே போய்விடும், நம் பாராசூட் துணி முழுக்க நைலான்தான்.

அசிட் இல்லாத வீட்டிலும் வெயில் சூடும் ஈரமும் வேலை செய்யும். கயிறுகளை மடித்துப் பிடிக்கும் ரப்பர் பேண்ட் பிசுபிசுத்தோ மொரமொரத்தோ போயிருக்கும், ஒரே நேரத்தில் நாலைந்து அறுந்தால் பாராசூட் திறக்கும் அடி உங்கள் கழுத்தில் இறங்கும். மெயினை வெளியே இழுக்கும் சின்னப் பாராசூட்டான பைலட் சூட்டைப் பிடித்திருக்கும் எலாஸ்டிக் பை தளர்ந்திருக்கும், விமானக் கதவருகே அது தானாக வெளியே வந்தால் உங்களோடு சேர்த்து விமானத்துக்கும் ஆபத்து. ஸ்பெக்ட்ரா கயிறாக இருந்தால் அன்றைய குதிகளின் உராய்வுச் சூட்டிலேயே சில கயிறுகள் சுருங்கி, நீளம் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும், விட்டுப்போகும் முன்பே அளந்து பார்த்திருக்க வேண்டியது. மெயின் கைவிட்டால் உதவும் ரிசர்வ் பாராசூட் எப்போது கடைசியாக மடிக்கப்பட்டது என்று அட்டையைப் பாருங்கள். தானாக ரிசர்வைத் திறக்கும் கருவிக்கும் ஆயுள் உண்டு. 1991-இல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் என்ற கருவி முதல் இன்றைய கருவிகள் வரை, ஆயுள் முடிந்ததை மாட்டிக்கொண்டு போவது வெறும் பாரத்தைச் சுமப்பதுதான்.

கை பழைய இடத்துக்குப் போவது

உங்கள் பழைய ரிக்கில் பைலட் சூட் தொடை வாரில் இருந்ததா, முதுகுப் பையின் அடியில் இருந்ததா? இரவல் ரிக்கில் எங்கே இருக்கிறது? தரையில் நின்று நூறு முறை தொட்டுப் பழகுங்கள். ஒரு தங்கச்சி ஒன்பது வருடம் கழித்து வந்து, மேலே தொடையைத் தடவிக்கொண்டே ஆயிரம் அடிக்கு மேல் விழுந்தாள், அப்புறம்தான் கை முதுகுக்குப் போனது. மெயினைக் கழற்றிவிடும் 'கட்-அவே' கைப்பிடியும் ரிசர்வ் கைப்பிடியும் அப்படியே, கூரையில் தொங்கும் பயிற்சி வாரில் கண்ணால் பார்த்து, கையால் பிடித்து, இழுத்துப் பழக வேண்டும்.

உயரங்களும் மாறியிருக்கின்றன. அமெரிக்கச் சங்கம் 2013-இல் சி, டி லைசன்ஸ்காரர்கள் திறக்க வேண்டிய குறைந்தபட்ச உயரத்தை 2,000 அடியிலிருந்து 2,500 அடியாக உயர்த்தியது. உங்கள் தலையில் பதிந்திருப்பது பழைய எண்ணாக இருக்கலாம். திரும்பி வருபவர் இன்னும் மேலேயே திறக்கட்டும், நான் 4,500-க்குக் கீழே விடுவதில்லை.

வெள்ளெழுத்து

நாற்பதைத் தாண்டியவர்கள் உயரமானியை மணிக்கட்டில் கட்டி, விமானத்தில் உட்கார்ந்திருக்கும் தூரத்தில் படித்துப் பாருங்கள். எண் மங்கலாகத் தெரிந்தால் கண் டாக்டரிடம் போய்விட்டு அப்புறம் வாருங்கள்.

காற்றுச் சுரங்கம் போதும் என்று நினைப்பது

ஜொகூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூரின் செந்தோசா பக்கம்தான். 2011-இல் அங்கே திறந்த காற்றுச் சுரங்கத்துக்குப் போய்ப் பறந்துவிட்டு வருவது மிக நல்லது, பயம் தெளியும், உடம்பு நேராகும். ஆனால் அது பாராசூட்டைப் பற்றி ஒன்றும் கற்றுத் தராது.

மழை

மதியத்துக்கு மேல் காற்று திடீரென்று குளிர்ந்தால் ஏறாதீர்கள்.

செம்பனையில் மாட்டிக்கொண்டால்

மட்டையின் காம்பு முழுக்க முள். கால்களை ஒட்டி வையுங்கள், கையால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள், மேலேயே மாட்டிக்கொண்டால் வாரைக் கழற்றிக் குதிக்காதீர்கள். பழைய மரம் நாற்பது அடிக்கு மேல் இருக்கும். விசில் ஊதுங்கள், தோட்டத்து ஆட்கள் ஏணியோடு வந்துவிடுவார்கள்.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்று அவரை நான் ஏற விடவில்லை. முகம் சுருங்கிவிட்டது. ஒட்டுக்கடைக்குக் கூட்டிப்போய் ஒரு தே ஓ (பால் இல்லாத டீ) வாங்கிக் கொடுத்து, ரசீதின் பின்பக்கம் கணக்கைப் போட்டுக் காட்டினேன். 90 கிலோவும் 12 கிலோவும் 102, அதாவது 225 பவுண்டு, 150-ஆல் வகுத்தால் 1.5. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "210 இருக்காக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. இந்த வாரம் இரண்டு சாயங்காலம் வந்து பயிற்சி வாரில் தொங்கிவிட்டுப் போனார், அவர் ரிக் ரிக்கரிடம் இருக்கிறது. ஞாயிறு காலை முதல் ஏற்றத்தில் அவர் பெயர் இருக்கிறது. 210-ஐ நேற்றிரவு நானே பேக் செய்து வைத்துவிட்டேன், ரப்பர் பேண்ட் எல்லாம் புதுசு.