கடல்தொட்டியில் பாசியா? ஊற்றும் தண்ணீரை முதலில் பாருங்கள்

கடல்நீர்த் தொட்டி வைத்த இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை மணல் பழுப்பாகிவிடும். உடனே கடைக்கு ஓடிப் பாசிக்கொல்லி பாட்டிலை வாங்கிவந்து ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். வேலூரிலும் காட்பாடியிலும் வீடு வீடாகப் போய் ஆர்.ஓ. இயந்திரம் பழுது பார்ப்பது என் தொழில். சமையலறையில் வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது கூடத்தில் மீன்தொட்டி இருந்தால் கால் தானாக நின்றுவிடும். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அப்படிப் பார்த்த தொட்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு தொட்டிக்குள் இல்லை. சற்று முன்பு நான் திறந்து பார்த்த இயந்திரத்துக்குள்தான் இருந்தது.

பழுப்புப் படலத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்போ நாரோ இல்லாமல், தொட்டதும் தூசியாகக் கலைந்து நீரில் பறந்தால் அது டயட்டம். நுண்ணுயிர்தான், தன் ஓட்டைச் சிலிக்காவால், அதாவது மணலின் மூலப்பொருளால், கட்டிக்கொள்ளும். புது மணலும் புதுக் கல்லும் கொஞ்சம் சிலிக்காவை விடும், அது தீர்ந்ததும் டயட்டமும் தீரும். இதற்கு மருந்து தேவையில்லை. கண்ணாடியைத் துடையுங்கள், மணலை மேலாகக் கிளறிவிடுங்கள், அவ்வளவுதான். ஒன்றரை மாதத்தில் பெரும்பாலும் போய்விடும்.

மூன்றாவது மாதமும் அது போகவில்லை என்றால் நீங்கள் தினமும் அதற்குச் சோறு போடுகிறீர்கள் என்று பொருள். நம் வட்டாரம் கருங்கல் பாறை நிலம். ஆழ்துளைக் கிணற்று நீரில் சிலிக்கா கரைந்தே வருகிறது. அதோடு வெயில். மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது தொட்டியை 27 டிகிரிக்குள் வைக்க, நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறியைத் திருப்பி விடுகிறோம். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு இரண்டு லிட்டர் ஆவியாவது சாதாரணம். மாதத்துக்கு 60 லிட்டர் நிரப்புகிறீர்கள். ஆவியாகிப் போவது வெறும் நீர் மட்டும். அதில் வந்த சிலிக்கா, பாஸ்பேட், நைட்ரேட் எல்லாம் உப்பளத்து உப்பைப் போல உள்ளேயே தங்கிச் சேர்கின்றன. குளிரான ஊர்க்காரர்கள் எழுதிய குறிப்புகளில் இந்தக் கணக்கு பெரிதாக வராது. நமக்கு இதுதான் தலையாய கணக்கு.

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கல்லூரி மாணவர், “அண்ணா, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறது, தண்ணீரில் குறையே இருக்க முடியாது” என்று அடித்துச் சொன்னார். “தம்பி, அந்த மீட்டர் பார்ப்பது தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை. சிலிக்கா அதன் கண்ணில் படாது” என்றேன். கரைந்த சிலிக்காவில் பெரும்பகுதி மின்னேற்றம் இல்லாமலே நீரில் இருக்கிறது. ஆர்.ஓ.வின் வடிகட்டும் சவ்வான மெம்பிரேன் அதில் பெரும்பங்கைத் தடுக்கும். மிச்சத்தைப் பிடிக்க வேண்டியது அதன் பின்னால் ஒரு குழலில் மாட்டும் அயனி நீக்கும் ரெசின் குருணை. ரெசின் தளரத் தொடங்கியதும் முதலில் நழுவிப் போகிறவற்றில் சிலிக்காவும் ஒன்று. அவர் வைத்திருந்தது நிறம் மாறும் ரெசின். குழலில் நீலம் அடியில் இரண்டு விரல் அளவுதான் மிச்சம், மேலே முழுக்கப் பழுப்பு. மீட்டர் அப்போதும் பூஜ்யம்தான் காட்டியது. மூன்றில் இரண்டு பங்கு நிறம் மாறியதுமே ரெசினை மாற்றிவிடுங்கள். மீட்டர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வை அப்படியே நம்பவும் கூடாது. சுவைக்காக வடிகட்டாத தண்ணீரைச் சிறிது கலந்து விடும் திருகு பல இயந்திரங்களில் உண்டு. அந்த வழியில் கிணற்று நீர் நேராகத் தொட்டிக்குப் போகும். இன்னொன்று, இப்போது எல்லோரும் விரும்பி வாங்கும் ‘காப்பர்’ குழல். மனிதருக்கு அந்தச் செம்பு எவ்வளவு நல்லதோ நான் அறியேன். நத்தை, இறால், நண்டு ஆகியவற்றுக்கு அது சிறிதளவு போனாலும் விஷம். ஆகவே மெம்பிரேனிலிருந்து நீர் வெளியேறும் குழாயில் ஒரு ‘டீ’ இணைப்பு போட்டுத் தனிக் கிளை எடுங்கள். காப்பர் குழலுக்கும் கலக்கும் திருகுக்கும் முன்பாகவே அது பிரிந்துவிட வேண்டும். அந்தக் கிளையில் ரெசின் குழலை மாட்டுங்கள். எந்த ஆர்.ஓ. மெக்கானிக்கும் செய்துகொடுக்கிற வேலைதான் இது. கேனில் கடல்நீர் பிடித்து வந்து செலவை மிச்சப்படுத்தலாம் என்பவர்களும் உண்டு. நகரக் கழிவு கலக்கும் கரையோரத்து நீரில் என்ன வரும் என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

தண்ணீர் சரியான பிறகும் வருகிற பாசிகள் வேறு கதை.

மணலின் மேல் கருஞ்சிவப்புப் படுதாவாகப் படர்ந்து, விளிம்பைப் பிடித்து இழுத்தால் தோலாக உரிந்து வந்தால் அது சயனோ, அதாவது சயனோபாக்டீரியா. உண்மையில் பாசியே இல்லை, பாக்டீரியா. பூமியின் காற்றில் ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜனை நிரப்பிய பரம்பரை என்பதால், உங்கள் தொட்டியிலிருந்து அதை ஒரு வாரத்தில் விரட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். நீரோட்டம் தொடாத மூலையில், கழிவு தேங்கிய இடத்தில்தான் இது பிடிக்கும். மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பம்பின் முகத்தை அந்த மூலைக்குத் திருப்புங்கள். மருந்துக் கடையில் எரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் வாங்கிப் பொடித்துப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சயனோ சாகலாம், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியாவும் கூடவே அடிபடலாம். புதுத் தொட்டியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

மிகவும் தொல்லை தருவது டைனோ, அதாவது டைனோபிளாஜெல்லேட் என்னும் ஒற்றைச் செல் உயிர். பழுப்பு நிறம் என்பதால் டயட்டம் என்றே பலர் ஏமாறுகிறார்கள். இது சளிபோல் நூல் நூலாகத் தொங்கும், ஒவ்வொரு நூலின் நுனியிலும் காற்றுக் குமிழி நிற்கும். இரவில் குறைந்து மறுநாள் மதியம் மறுபடி கனக்கும். நத்தைகள் காரணமின்றிச் சாகும். ஐயம் தீர ஒரு சோதனை: ஊசியில்லாத சிரிஞ்சால் அந்தச் சளியைக் கொஞ்சம் நீரோடு உறிஞ்சி, சின்னக் கண்ணாடிப் புட்டியில் விட்டு மூடி, நன்றாகக் குலுக்குங்கள். பழுப்பு முழுக்கக் கலையும். அதைக் காகித வடிதாளில் வடித்து, வடிந்த நீரைத் தொட்டி விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தெளிந்த நீரில் மறுபடியும் நூல் திரண்டால் டைனோதான். தாளின் துளைக்குள் நுழைந்துபோகும் அளவுக்குச் சிறிய தனிச் செல்கள் அவை, மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

டைனோ அழுக்கால் வருவதில்லை, அதிகச் சுத்தத்தால் வருகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போன தொட்டியில் போட்டிக்கு ஆளின்றி இது தழைக்கும். எனவே நீர் மாற்றுவதை நிறுத்துங்கள், தீனியைச் சற்றுக் கூட்டுங்கள்; நைட்ரேட் 5 பி.பி.எம். (லிட்டருக்கு 5 மில்லிகிராம்), பாஸ்பேட் 0.05 பி.பி.எம். அளவுக்கு ஏறட்டும். மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடி, காற்றுக்கல்லை ஓடவிடுவதும் பலன் தரும். இரவில் நீரில் மிதக்கும் இனமாக இருந்தால் புற ஊதா விளக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும்.

பச்சை முடிப்பாசிக்கு நேர்மாறான சிகிச்சை. அங்கே உணவு மிகுதி. டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் பூஜ்யம் வந்தாலும் நம்பாதீர்கள். வருவதையெல்லாம் முடிப்பாசியே தின்று தீர்ப்பதால் நீரில் மிச்சம் தெரிவதில்லை. கல்லும் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கசியவிடும், அதிலும் பழைய தொட்டியிலிருந்து வாங்கிய கல் என்றால் கேட்கவே வேண்டாம். கல்லை உப்பு நீர் வாளியில் எடுத்து டூத்பிரஷால் வேரோடு திருகிப் பிடுங்குங்கள். பிடிவாதமான இடத்தில் கல்லை வெளியே வைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி, இரண்டு நிமிடம் கழித்து உப்பு நீரில் அலசுங்கள். பாட்டிலில் 6 சதவீதம் என்றிருந்தால் சம அளவு ஆர்.ஓ. நீர் கலந்து 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். தீனியாகப் போடும் உறைந்த இறாலைக் கழுவிப் போடுங்கள், கரைந்த சாறு தொட்டிக்குள் போகக் கூடாது. பாஸ்பேட் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு குருணையைக் கொஞ்சமாகத் தொடங்குங்கள். ஒரேயடியாக இழுத்துவிட்டால் மேலே சொன்ன டைனோ வந்து நிற்கும்.

விளக்கு புதுத் தொட்டிக்கு ஆறு மணி நேரம் போதும், டைமர் வைத்து. கிழக்கு ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி இருந்தால் இடத்தை மாற்றுவதே மருந்து. பச்சை உருண்டையாகக் கல்லில் ஒட்டியிருக்கும் குமிழிப்பாசியை உடைக்காமல் முழுதாகப் பெயர்த்தெடுங்கள். ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கல்லில் கெட்டியாகப் படர்வது பவளப்பாசி. அதைச் சுரண்டிவிடாதீர்கள், தொட்டி தேறுகிறது என்பதற்கு அதுவே சான்று. உயிருள்ள பவளத்தைக் கல்லோடு விற்க வருபவரிடம் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது.

பாசி தின்னும் நத்தைகளை டயட்டம் வந்த பிறகு விடுங்கள், அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகியிருக்க வேண்டும். சென்னை கொளத்தூரிலிருந்து பையில் வாங்கி வருகிறவர்கள் வெயில் ஏறும் முன்பே வீடு வந்துவிடுவது நல்லது. 100 லிட்டருக்கு ஐந்தாறு போதும், பாசி தீர்ந்தபின் அவை பட்டினி கிடக்கும். அப்போது உப்பில்லாத நோரித் தாளை, அதாவது உலர்ந்த கடற்பாசித் தாளை, சிறு துண்டாகக் கல்லில் கட்டி வையுங்கள். மல்லாந்து விழுந்தால் சில இனங்களால் தாமாகப் புரள முடியாது, கையால் நிமிர்த்துங்கள். மறுநாளும் அசையாவிட்டால் எடுத்து முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை வந்தால் திரும்பப் போடாதீர்கள். சின்னத் தொட்டியில் அமோனியாவை ஏற்ற ஒரு செத்த நத்தையே போதும்.