நாய் கடித்த வீட்டில் அவசரமாக வைக்கும் கையெழுத்து

போன மாதம் விசுவமடுப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் நாலாக மடித்த கொப்பித் தாள். "தம்பி, இதை வடிவா எழுதித் தாங்கோ, பொலிஸில குடுக்கோணும்" என்றார். விரித்துப் பார்த்தேன். அவருடைய கணவரைப் பக்கத்து வளவு நாய் கடித்து அன்றைக்கு மூன்றாம் நாள். "நாய் கடித்ததற்கு 15,000 ரூபா பெற்றுக்கொண்டேன். இதன் பிறகு எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று நாயின் சொந்தக்காரரே எழுதிக் கொடுத்துவிட்டிருக்கிறார். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

நான் சட்டத்தரணி இல்லை. கிளிநொச்சியில் ஒன்பது வருடமாக முறைப்பாடு, விண்ணப்பம், கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். நாய்க்கடிக்காக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் வீட்டில் ஒருகாலம் நாங்கள் விட்ட பிழைகளையே விட்டுவிட்டு வருகிறார்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது, ஊசி போடுவது, அரச ஆஸ்பத்திரியில் அந்த ஊசி இலவசம் என்பது எல்லாம் இன்று எல்லோருக்கும் தெரியும். சனம் காசையும் உரிமையையும் இழப்பது அதற்குப் பிறகு வருகிற கடதாசி வேலையில். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் பாதிக் கதை சொல்வது

"என்ன நடந்தது?" என்று கேட்டால் "நாய் கடிச்சது" என்கிறோம். அதோடு நிறுத்திவிடுகிறோம். யாருடைய நாய், எங்கே வைத்துக் கடித்தது, கடித்தபோது விழுந்தீர்களா, வேறெங்கும் நோகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று ஆஸ்பத்திரி அட்டையில் பதியப்படுவதுதான் பிறகு நீதிமன்றம் வரை போகும். ஆறு மாதம் கழித்து "முழங்காலும் அடிபட்டது" என்று சொன்னால், முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விதான் முதலில் வரும்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் பொலிஸ் காவலரண் இருக்கும். அங்கேயே தகவலைப் பதியலாம். காயம் கடுமையானது என்றால் பொலிஸ் தருகிற சட்ட மருத்துவப் படிவத்தில் வைத்தியர் காயங்களைக் குறித்துக்கொள்வார். அந்தப் படிவம் இல்லாமல் காயம் ஆறிவிட்டால், பிறகு காட்டுவதற்குத் தழும்பு மட்டும்தான் மிஞ்சும். வார்டில் இருந்து துண்டு வெட்டி வரும்போது தருகிற நோய் நிர்ணய அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பிரதி எடுத்து இன்னொரு இடத்திலும் வையுங்கள்.

இரண்டாம் நாளே சமாதானமாவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

2015இல் நடந்தது. அப்பா விடிய ஐந்தரைக்குப் பால் கானைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, பால் சேகரிக்கும் இடத்துக்குப் போவார். நாலு மாடு, நாளுக்கு 18 லீற்றர் அளவில் பால். ஒழுங்கை முடக்கில் ஒரு வீட்டு நாய் பாய்ந்து இடது கெண்டைக்காலைக் கவ்வியது. சைக்கிளோடு சரிந்து வலது கையை ஊன்றி விழுந்தார். கானில் இருந்த பாலெல்லாம் மணலில். ஆஸ்பத்திரியில் காலுக்கு மருந்து கட்டி, ஊசியும் போட்டார்கள். பொலிஸிலும் சொன்னோம். நாய் கடித்தது என்று மட்டும் சொன்னோம்.

அடுத்த நாள் பின்னேரம் நாயின் சொந்தக்காரர் வந்தார். வேற்று மனிதர் இல்லை. 2009இல் செட்டிகுளம் முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர். தண்ணீருக்கு ஒன்றாக வரிசையில் நின்றவர். கையில் ஒரு மோல்ட் பைக்கற்றும் ஒரு என்வலப்பில் 10,000 ரூபாவும் கொண்டுவந்தார். "அண்ணை, நாங்கள் பட்டதுக்குள்ள இதெல்லாம் ஒரு விசயமே, பொலிஸில சமாதானமெண்டு சொல்லிவிடுங்கோ" என்றார். அப்பாவுக்கு மறுக்க மனம் வரவில்லை. கடிதத்தை நான்தான் எழுதினேன், ஒற்றை றூள் தாளில், நல்ல எழுத்தில். "முழுமையான நட்டஈடாகப் பெற்றுக்கொண்டேன், இனி எதுவித கோரிக்கையும் இல்லை" என்ற வசனமும் நான் எழுதியதுதான். அப்படி எழுதினால்தான் முறையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அப்பா பேனையைப் பிடித்தவுடன் "கை நோகுது" என்றார். பெயரின் கடைசி எழுத்துகள் கோணலாக இழுபட்டுப் போயின. விழுந்த நோவுதானே, இரண்டு நாளில் மாறிவிடும் என்று எல்லோரும் சொன்னோம்.

ஐந்தாம் நாள் மணிக்கட்டு வீங்கி விரல் மடிக்க முடியவில்லை. எக்ஸ்றேயில் எலும்பு வெடித்திருந்தது. ஆறு கிழமைக்குக் கட்டுப் போட்டார்கள். ஆறு கிழமை அப்பாவால் மாடு கறக்க முடியாது, சைக்கிள் ஓட முடியாது. கறந்து கொண்டுபோய்க் கொடுக்க ஒருவரைப் பிடித்தோம், நாளுக்கு 600 ரூபா. 42 நாளுக்கு 25,200. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஓட்டோக் காசு வேறு. பால் குறைந்த நாட்களின் கணக்கு வேறு.

பொலிஸுக்குத் திரும்பப் போனோம். அங்கே இருந்தவர் புத்தகத்தைப் புரட்டி, "நீங்கள்தானே சமாதானம் என்று ஒப்பமிட்டிருக்கிறீர்கள்" என்றார். சொந்தக்காரரிடம் போனோம். "நாய் கடிச்சதுக்குக் குடுத்தன். விழுந்ததுக்கு நான் என்ன செய்யிறது?" என்றார். முறைப்பாட்டில் விழுந்த கதை ஒரு சொல்கூட இல்லை. கடிதத்திலோ இனிக் கோரிக்கை இல்லை என்று என் எழுத்திலேயே இருந்தது. அந்த அயலோடு சண்டை வரக்கூடாது என்றுதான் கையெழுத்து வைத்தோம். அந்தக் கையெழுத்தால்தான் இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு அற்றுப்போனது.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நாய்க்கடியில் இரண்டாம் நாள் யாருக்கும் முழுச் சேதம் தெரியாது. தடுப்பூசியே முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று ஒரு மாதம் இழுபடும். பல் ஆழமாக இறங்கிய காயம் மேலே மூடி உள்ளே சீழ் வைக்கும். நரம்பில் பட்டிருந்தால் விரல் விறைப்பது பிறகுதான் தெரியும். முகத்தில் கடி என்றால் தழும்புக்குச் சிகிச்சை வேண்டுமா என்று சொல்லவே மாதக்கணக்கில் ஆகும். தெரியாத கணக்குக்கு முடிவுக் கையெழுத்து வைக்கவே கூடாது.

அதற்காகக் கொண்டுவந்த காசைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. வாங்குங்கள், செலவு இருக்கிறதுதானே. ஆனால் எழுதும்போது இப்படி எழுதுங்கள்: "இன்றுவரையான மருத்துவச் செலவுக்கு முற்பணமாக இவ்வளவு ரூபா பெற்றுக்கொண்டேன். சிகிச்சை முடிந்த பின் மீதியைப் பேசித் தீர்ப்போம்." இரண்டு பக்கமும் ஒப்பமிட வேண்டும், திகதி போட வேண்டும், ஆளுக்கொரு பிரதி. "முழுமையான", "இறுதியான", "இனிக் கோரிக்கை இல்லை" என்ற சொற்களில் ஒன்றாவது இருந்தால் அந்தத் தாளில் கை வைக்காதீர்கள். பொலிஸில் சமாதானம் பேசச் சொன்னாலும் இதையேதான் சொல்ல வேண்டும்: "ஐயா, சிகிச்சை முடியட்டும், அதற்கு ஒரு தவணை போடுங்கள்." தவணை கேட்பது அயலவரோடு பகைப்பது ஆகாது. அயலோடு நல்லபடி இருக்க விரும்புகிறவர்தான் கணக்கு முழுதாகத் தெரிந்தபின் பேசுவோம் என்று சொல்ல வேண்டும்.

வாசிக்கத் தெரியாத மொழியில் ஒப்பமிடுவது

முறைப்பாட்டைச் சில இடங்களில் இன்னும் சிங்களத்தில் எழுதுகிறார்கள். நாங்கள் தமிழில் சொல்ல, அவர் விளங்கிய அளவுக்கு எழுத, கீழே ஒப்பம். எங்கள் அப்பாவின் "சமாதானம்" என்ற பதிவும் அப்படி எழுதப்பட்டதுதான். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தரைக் கேளுங்கள், அவர் வரும்வரை இருங்கள். முடியவே இல்லை என்றால் எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. வெளியே வரும்போது முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பிரதியும் பிறகு எடுத்து வையுங்கள்.

பொலிஸ் வழக்கு முடிந்தால் காசு வந்துவிடும் என்று இருப்பது

தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்க்கத் தவறுவது தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். அது நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே விதிக்கிற தண்டப்பணம் அரசாங்கத்துக்குச் சேரும், உங்களுக்கு இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும்படியும் நீதவான் கட்டளையிடலாம், ஆனால் அது ஒவ்வொரு வழக்கிலும் நடக்கிற காரியம் அல்ல.

மருத்துவச் செலவு, இழந்த உழைப்பு, பட்ட நோவு எல்லாவற்றுக்கும் சேர்த்து நட்டஈடு கேட்பது மாவட்ட நீதிமன்றத்தில் போடும் குடியியல் வழக்கு. அதற்கு உரோமன்-ஒல்லாந்துச் சட்டம்தான் அடிப்படை. சொந்தக்காரரின் கவனயீனத்தை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். அந்த நாய் முன்பும் யாரையாவது கடித்ததா என்று ஒழுங்கையில் விசாரியுங்கள். கடிபட்ட இன்னொருவர் சாட்சி சொல்ல வந்தால் உங்கள் கை ஓங்கும்.

சிறு தொகைப் பிணக்கு என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். அங்கே இணக்கம் வராவிட்டால் தருகிற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. என் அனுபவத்தில் நாய்க்கடிக்கு மத்தியஸ்த சபை நல்ல இடம். தமிழில் பேசலாம், சட்டத்தரணி தேவையில்லை, தவணை முறையில் காசு கட்டவும் எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு வருடம்

கடித்த நாளிலிருந்து எண்ணுங்கள். அதற்குள் நட்டஈட்டு வழக்குப் போட வேண்டும்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்று விடுவது

சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுவார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறது.

நாயை அடித்துக் கொல்வது

கோபம் விளங்குகிறது. ஆனால் கடித்த நாயை 14 நாள் கட்டி வைத்துப் பார்த்தால்தான் அதற்கு விசர் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். ஊசியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று வைத்தியர் முடிவு செய்வதற்கும் அது வேண்டும். நட்டஈடு என்று பார்த்தாலும், சொந்தக்காரர் "அது எங்கட நாயில்லை" என்று சொல்ல நீங்களே வழிவிட்டது போல ஆகும். நாயையும், அது நிற்கிற வளவையும், கழுத்துப் பட்டியையும் போனில் படம் எடுங்கள். நாய் தானாகச் செத்தால் உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்க்க முடியும்.

நாய் யாருடையது என்பதில் பிரச்சினை வந்தால் பிரதேச சபையின் நாய்ப் பதிவையும், தடுப்பூசி போட்டபோது கொடுத்த அட்டையையும் தேடுங்கள். பதிவே இல்லாத நாய் என்றால், தினமும் சோறு வைப்பது யார், இரவில் எந்தப் படலைக்குள் படுக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்வதுதான் சாட்சி.

கட்டாக்காலி நாய் என்றால் ஒன்றும் கிடைக்காது என்று நினைப்பது

சொந்தக்காரர் இல்லாத நாயிடம் நட்டஈடு கேட்க வழி இல்லை, உண்மைதான். ஆனால் வேறு கதவுகள் இருக்கின்றன, அவற்றைப் பலர் தட்டுவதே இல்லை.

வேலை நேரத்தில் கடிபட்டால், தபால் கொண்டுபோகிறவரோ மின்மானி வாசிக்கிறவரோ, 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வேலை கொடுத்தவரிடம் கேட்கலாம். 2022இல் வந்த திருத்தத்தோடு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கிற விபத்தும் இதற்குள் வந்துவிட்டது. விடிய இருட்டோடு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நடக்கிற பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாய் யாருடையது என்ற கேள்வியே இங்கே இல்லை. அரச உத்தியோகத்தர் என்றால் அக்ரஹார காப்புறுதி, பாடசாலைப் பிள்ளை என்றால் சுரக்ஷா காப்புறுதி. வார்டில் தங்கியிருந்தால் நோய் நிர்ணய அட்டையோடு அலுவலகத்திலோ அதிபரிடமோ உடனே விசாரியுங்கள்.

பற்றுச்சீட்டு

ஓட்டோக்காரர் பற்றுச்சீட்டுத் தரமாட்டார். அதனால் ஒரு சின்னக் கொப்பியில் திகதி, எங்கே போனது, எவ்வளவு என்று எழுதி அவரிடமே ஒப்பம் வாங்குங்கள். கூலி வேலை என்றால் வேலை கொடுக்கிறவரிடம் எத்தனை நாள் வரவில்லை, நாட்கூலி எவ்வளவு என்று ஒரு கடிதம் எடுங்கள்.

விசுவமடு அக்காவுக்கு அந்தத் தாளை வடிவாக எழுதிக் கொடுக்கவில்லை. வேறொன்று எழுதினேன்: 15,000 ரூபா முற்பணம், மீதி சிகிச்சை முடிந்தபின். "இதைக் கண்டா அவையள் கோவிப்பினமோ" என்று இரண்டு முறை கேட்டார். நாலு நாள் கழித்து ஒப்பமிட்ட பிரதியோடு வந்தார். நாயின் சொந்தக்காரர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்பமிட்டாராம். கணவருக்கு அன்று ஏழாம் நாள் ஊசி. காயத்தின் ஒரு ஓரம் சிவந்திருக்கிறது, திங்கட்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஓட்டோக் கணக்கு எழுத ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் கோடு கீறிக் காட்டி அனுப்பினேன்.