அப்பா தட்டைத் தள்ளினால் முதலில் வாயைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ஓய்ந்த அப்பா, "பசியில்லை" என்று தட்டைத் தள்ளும்போது, வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், அவர் எதை ஒதுக்குகிறார் என்று இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். பரோட்டா போன்ற ரொட்டி சானாயின் முறுகிய ஓரத்தைப் பிய்த்து வைத்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் பருப்புக் குழம்பில் ஊறவைத்து ஒரு பக்கமாகவே மென்றால், வாயில் வலி இருக்கக்கூடும்.

நல்ல வெளிச்சத்தில் பல்செட்டைக் கழற்றச் சொல்லி, ஈறு, நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். தாடை எலும்பு தேயத் தேய பல்செட் தளர்ந்து ஈறை உரசும். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மருந்துகள் எச்சிலைக் குறைப்பதால், சுவை மங்கி, சோறு தொண்டையில் இறங்காமல் நிற்கும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். 2 வாரத்தில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், அதிலும் வெற்றிலை பாக்கு போடுபவராக இருந்தால், தாமதிக்காமல் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை வெறும் கஞ்சியோடு நிறுத்திவிடாமல், குழைந்த சோற்றில் முள் நீக்கிய மீனையோ அவித்த முட்டையையோ மசித்துக் கொடுங்கள்.