அரிசியாகக் கிடந்த அவசரக்காசு

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி போன வாரம் தங்கள் வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரைத் திறந்து காட்டினார்கள். 5 கிலோ அரிசிப் பைகள் ஆறு, அதன்மேல் ஆட்டா மாவு, அதற்கும் மேல் பழைய சூட்கேஸ். “எது வந்தாலும் நாங்க ரெடி, அக்கா” என்றாள் அந்தப் பெண். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2023இல் என் வீட்டிலும் இதே கோலம்தான்.

நம் ஊரைப் பெரும்பாலும் புயல் அடிப்பதில்லை. ஆனால் நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. எங்கோ மழை பொய்த்தால் நம் அடுப்படியில் தெரியும். அதனால் கொஞ்சம் சேர்த்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் தவிர்க்க வேண்டிய தவறுகள் சில உண்டு.

அவசரக்காசை அரிசியாக்குவது

2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. மறுநாளே இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு ஓடி, பொன்னி புழுங்கலரிசி எட்டுப் பை வாங்கினேன். கூடவே பருப்பு, உளுந்து, எண்ணெய். எல்லாம் அவசரத்துக்கென்று ஒதுக்கியிருந்த கணக்கிலிருந்து. செய்தியை முழுதாகப் படித்திருந்தால், தடை பச்சரிசிக்குத்தான், புழுங்கலுக்கு இல்லை என்று தெரிந்திருக்கும். இங்கே அரிசி இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதியைப் போல இரண்டு மடங்கு இருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் அப்போது எனக்குத் தெரியாது.

பாம் ஷெல்டரின் இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே ஒரே புழுக்கம். அரிசி வண்டு தன் முட்டையை அரிசிமணிக்குள்ளேயே இடும், வாங்கும்போது கண்ணில் படாது. நம் ஊர் வெக்கையில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளியே வந்துவிடும். தீபாவளிக்கு முன்பு பிரித்துப் பார்த்தபோது நான்கு பை நெளிந்துகொண்டிருந்தது. அதே வாரம் ஃபிரிட்ஜும் நின்றுபோனது. கையில் காசில்லை, அரிசிதான் இருந்தது. புது ஃபிரிட்ஜைக் கிரெடிட் கார்டில் வாங்கி, முழுதாகக் கட்ட முடியாமல் ஐந்து மாதம் வட்டி அழுதேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

இப்போது வீட்டுச் செலவுப் பணத்தில் வாரம் ஒரு பொருள் மட்டும் கூடுதலாக வாங்குகிறேன். மூன்று பேருக்கு 10 கிலோ அரிசி, அதாவது இரண்டு வாரத்துக்கு. அதற்கு மேல் வைப்பதில்லை. புதுப் பையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து ஒரு வாரம் ஃப்ரீஸரில் வைப்பேன். அப்புறம் காற்றுப்புகாத டப்பாவுக்கு மாற்றி, தேதி எழுதி, பழையதை முன்னால் நகர்த்துவேன். ஆட்டா மாவு சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், அதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அவசரக் கணக்கை உணவுக்காகத் தொடவே கூடாது.

சமைத்தால்தான் சாப்பிட முடியும் என்ற கையிருப்பு

கரண்ட் போனால் குக்கர் ஓடாது. உயரமான புளோக்கில் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பும் நிற்கும். அதனால் சமைக்காமலே சாப்பிடக்கூடியதையும் வையுங்கள்: அவல், பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், சார்டின் டின், குடிதண்ணீர் பாட்டில். அவலை நனைத்தாலே போதும்.

பணம் முழுக்க போனில்

கரண்ட் போனால் போனில் பணம் கட்ட முடியாமல் போகலாம். சின்ன நோட்டாக 200 வெள்ளி (டாலர்) வீட்டில் இருக்கட்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) தீக்காப்பீடு எல்லாவற்றுக்கும் என்று நம்புவது

அதில் சோபா, துணிமணி, நீங்கள் செலவழித்துச் செய்த ரெனவேஷன் எதுவும் சேராது. வீட்டுப் பொருள்களுக்குத் தனிக் காப்பீடு எடுங்கள்.