முதலீட்டாளர் இல்லாத மென்பொருள் கம்பெனி: காசு எங்கே மாட்டிக்கொள்கிறது?

வெளியாரிடம் பணம் வாங்காமல் மென்பொருள் தொழில் நடத்தலாம் என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. மென்பொருளை நம்பிப் பங்குத் தரகு செய்யும் பெங்களூர் ஜெரோதா (2010இல் தொடங்கியது), அலுவலக மென்பொருள் விற்கும் சென்னை ஸோஹோ (1996இல் தொடங்கியது) இரண்டும் அப்படி வளர்ந்தவைதான். இவற்றைப் பார்த்துத் துணிந்து இறங்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் லாபத்தைக் கணக்குப் போடுகிறார்கள். பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று போடுவதில்லை. சறுக்குவது அங்கேதான்.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். வேலைக்கு 5 லட்சம், 18 சதவீத ஜி.எஸ்.டி. 90,000, மொத்தம் 5.9 லட்சம். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் அந்த 90,000த்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரா இல்லையா என்பது அரசுக்குத் தேவையில்லாத விஷயம். அவர் மூன்று மாதம் கழித்துக் கொடுக்கிறார், அதுவும் 10 சதவீத டி.டி.எஸ். (உங்கள் பெயரில் அவரே அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடித்துக்கொண்டு. அந்த 50,000 வருமான வரிக் கணக்கு முடியும்வரை உங்களுடையதாக இருந்தும் உங்களிடம் இருக்காது. ஆக, பைசா வருவதற்கு முன்பே கைக்காசு போய்விட்டது, சம்பளத் தேதியும் வந்துவிட்டது.

அதனால் பாதித் தொகையாவது முன்பணமாகக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுவதுதான் இந்தத் தொழிலில் விலை உயர்ந்த பழக்கம். ஜி.எஸ்.டி. பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். முதல் பில்லுக்கு முன்பே உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) முடித்துவிடுங்கள், அது இலவசம். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தாமதித்தால் உங்கள் வாடிக்கையாளருக்கு அந்த ஆண்டு வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியாமல் போகலாம். மார்ச் மாதத்தில் இதை அவர்களுடைய ஆடிட்டரிடம் மெதுவாக ஞாபகப்படுத்தினால் வேலை நடக்கும்.

அடுத்தது ‘சரி சார்’ வியாதி. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குச் சரக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் விற்கிறீர்கள். சேலத்துக்கார முதலாளி, “தம்பி, எங்க ஆடிட்டர் கேக்குற மாதிரி ஒரு ரிப்போர்ட் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க” என்பார். நம்ம ஊர்க்காரர், சரி என்று போட்டுக் கொடுப்பீர்கள். அடுத்த பட்டறைக்கு வேறு ரிப்போர்ட். ஒரு வருடத்தில் ஆளுக்கொரு வெர்ஷன் ஆகி, ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உடையும். வேறு இரண்டு பேருக்காவது அது தேவைப்படுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். தேவைப்படும் என்றால் எல்லாருக்கும் சேர்த்து விடுங்கள். இல்லையென்றால் செய்ய ஒரு தொகை, பராமரிக்க வருடா வருடம் ஒரு தொகை. சேவை வேலையே கூடாது என்று சொல்லவில்லை. ஆரம்பத்தில் அடுப்பு எரிய அது உதவும், ஆனால் அதன் விலை தனியாக இருக்கட்டும்.

மலிவு விலை இன்னொரு பொறி. மாதம் 499 ரூபாய்க்கு 200 கடைகள் என்றால் வருமானம் 99,800தான். அதற்குள் சர்வர், 200 பேரின் போனை எடுக்க ஆள், அப்புறம் உங்கள் வீட்டுச் செலவு. கார்டில் மாதச் சந்தா பிடிப்பதும் ரிசர்வ் வங்கியின் 2021 விதிமுறைக்குப் பிறகு முன்போலச் சுலபம் இல்லை. வருடச் சந்தாவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளுபடி கொடுப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

ஆபீஸ் விஷயம் சின்னது, ஆனால் பெங்களூரில் அடிக்கும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் கட்டட உரிமையாளர்கள் இங்கே இன்னும் உண்டு. அந்தத் தொகையில் ஒரு டெவலப்பருக்குப் பல மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம். பட்டறைக்காரர்களும் கடைக்காரர்களும் உங்கள் ஆபீஸுக்கு வரப்போவதில்லை; நீங்கள்தான் அவர்களிடம் போகிறீர்கள். கோ-ஒர்க்கிங்கில் (பல கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளும் வாடகை ஆபீஸில்) இரண்டு மேசை போதும்.